ஜவ்வு ஒட்டிய வான்கோழிக் குஞ்சு: நாங்குநேரிப் பக்கம் ஆனிக் காற்றில் ஒரு பொரிப்பு

அடைவைத்த 28-ஆம் நாள், இரவு 8 மணி. முட்டையின் அகன்ற முனைக்குச் சற்றுக் கீழே கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு துளை. துளைக்குள் அலகின் நுனி. முந்தின நாள் மாலை 6 மணிக்கே குஞ்சு ஓட்டைக் கொத்திவிட்டது. 26 மணி நேரம் ஆகியும் துளை ஒரு நூல்கூட அகலவில்லை. விளிம்பில் தெரியும் ஜவ்வு வெள்ளையாக இல்லை. காய்ந்த வாழைச்சருகு நிறத்தில், தொட்டால் தாள் மாதிரி மொரமொரக்கிறது. காலையில் கணீரென்று கத்திய குஞ்சு இப்போது விட்டுவிட்டு முனகுகிறது. உடன் வைத்த முட்டைகளில் 6 பொரித்து, குஞ்சுகள் உலர்ந்து எழுந்து நடக்கின்றன.

இப்படி ஒரு முட்டையைக் கையில் எடுத்தவர்களுக்கு முதலில் தோன்றுவது ஓட்டை உரித்துவிடலாம் என்பதுதான். குஞ்சைக் கொல்வதும் பெரும்பாலும் அந்த எண்ணம்தான். ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்கு உதவுவதென்றால் ஜவ்வைப் பார்த்து, அது சொல்லும் வேகத்தில் கை வைப்பது. மற்ற நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது. வெளியே வந்தபின் கதை முடிந்துவிடுவதும் இல்லை. வான்கோழிக் குஞ்சைப் பொறுத்தவரை பாதி வேலை அதற்குப் பிறகுதான்.

பெட்டியும் முட்டைகளும்

நாங்குநேரி அருகே ஒரு சிற்றூர் வீடு. தெர்மாகோல் பெட்டியில் இரண்டு 40 வாட் பல்பு, ஒரு சிறு கம்ப்யூட்டர் விசிறி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகை ஒன்று, 200 ரூபாய் ரக ஈரப்பத மீட்டர். இந்தப் பகுதியில் வீட்டிலேயே செய்துகொள்ளும் இன்குபேட்டர் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ் போதும். இங்கே அது சரியாகவே நின்றது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பெட்டியின் உணரியையும் ஒரே வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து ஒப்பிட்டிருந்ததால் வெப்பத்தில் சந்தேகமில்லை.

வைத்தது 14 வான்கோழி முட்டை. 10-ஆம் நாள் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து 3 கூமுட்டைகளை எடுத்தாயிற்று. 25-ஆம் நாள் மேலும் 2 முட்டையில் கரு செத்திருந்தது. மிச்சம் 9. அவற்றில் 6 தானாகப் பொரித்தன, 2 ஓட்டுக்குள்ளேயே செத்தன, ஒன்று இது.

வீட்டுக்காரர் செய்திருந்த ஒரு நல்ல காரியம் இந்த ஆய்வுக்கே அடிப்படையாக அமைந்தது. ஒவ்வொரு முட்டையையும் சமையலறைத் தராசில் நிறுத்து, பென்சிலால் ஓட்டிலேயே எடையை எழுதியிருந்தார். இந்த முட்டை வைத்த அன்று 82 கிராம். 25-ஆம் நாள் 68 கிராம். 14 கிராம் குறைவு, அதாவது 17 சதவீதம். வான்கோழி முட்டை 25 நாளில் 11 முதல் 13 சதவீதம் எடை இழந்தால் சரி. அந்தக் கணக்கில் இது 72 கிராம் அளவில் இருந்திருக்க வேண்டும். குறைந்ததெல்லாம் தண்ணீர்தான், ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆவியாகிப் போனது. இந்த எண்ணை 25-ஆம் நாளே யாராவது உரக்கப் படித்திருந்தால், 28-ஆம் நாள் இரவில் வரப்போவதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

உதவலாமா, காத்திருக்கலாமா

வான்கோழிக்கு 28 நாள். நாட்டுக்கோழியின் 21 நாள் கணக்கிலேயே பழகிய வீடுகளில் இந்த ஒரு வாரம் பொறுமையைச் சோதிக்கும். கடைசி மூன்று நாளில் உள்ளே நடப்பது என்னவென்று தெரிந்தால் பொறுமை தானாக வரும்.

முதலில் குஞ்சு அலகால் உள்ஜவ்வைக் கிழித்து, முட்டையின் அகன்ற முனையில் காற்று நிற்கும் இடமான காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அப்போதுதான் நுரையீரலால் முதல் மூச்சு. அதுவரை ஓட்டை ஒட்டிய ஜவ்வில் ஓடும் இரத்தநாளங்கள்தான் அதற்கு மூச்சுக் கொடுத்தன. காற்றறைக் காற்று போதாமல் போகும்போது ஓட்டைக் கொத்தி வெளித்துளை போடுகிறது. அதன்பின் அது சும்மா கிடப்பதாக நமக்குத் தெரியும். உண்மையில் அந்த மணிநேரங்களில் ஜவ்வின் நாளங்களில் இருக்கும் இரத்தம் உடலுக்குள் திரும்புகிறது. மிச்சமிருக்கும் மஞ்சள்கருப் பை தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது. இரண்டும் முடிந்தபின்தான் குஞ்சு திரும்பித் திரும்பி ஓட்டை வட்டமாக வெட்டி மூடியைத் தள்ளும். வெளித்துளையிலிருந்து வெளியே வரும்வரை 24 மணி நேரம் ஆவது வான்கோழிக்குச் சாதாரணம். ஆகவே நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கை வைக்கக் கூடாது.

இங்கே கை வைக்கலாம் என்று முடிவெடுக்க மூன்று காரணங்கள் சேர்ந்தன. 24 மணி நேரம் கடந்துவிட்டது. ஜவ்வு பழுப்பேறிக் காய்ந்துவிட்டது. ஈரமான வெள்ளை ஜவ்வைக் குஞ்சு கிழிக்கும், காய்ந்த ஜவ்வு பொட்டலம் கட்டியதுபோல் அதன் தலையையும் தோளையும் இறுக்கும், அதற்குள் திரும்பவே முடியாது. மூன்றாவது, குரல் தளர்ந்துவிட்டது. ஜவ்வு வெள்ளையாகவும் குரல் தெளிவாகவும் இருந்திருந்தால் 30 மணி நேரம் ஆனாலும் விட்டுவைப்பதே சரி.

வீட்டு ஆச்சி ஒரு யோசனை சொன்னார்: “வெந்நில மிதக்க விட்டுப் பாத்துருவோம்யா, ஆடுதா இல்லையான்னு தெரிஞ்சிரும்.” ஓடு உடையாத முட்டைக்கு இந்தப் பக்கத்தில் காலங்காலமாகச் செய்துவரும் சோதனை இது. துளை விழுந்த முட்டைக்குச் செய்தால் குஞ்சு மூழ்கிச் சாகும். அலகு துளையிலேயே இருக்கிறது. தண்ணீர் நேரே மூச்சுக்குழலுக்குள் போகும். காரணத்தைச் சொன்னதும் ஆச்சி புரிந்துகொண்டார். அதன்பின் அந்த இரவு முழுக்க வெந்நீர் பார்த்துப் பார்த்துக் கொடுத்தது அவர்தான்.

அன்றிரவு செய்தது

இடம் அடுப்படி. ஜன்னல்களை அடைத்து, மேல் விசிறியை நிறுத்தியாயிற்று; ஆனிக் காற்று ஒரு கீற்று வந்தாலும் நனைத்த ஜவ்வு நிமிடத்தில் காய்ந்துபோகும். எடுத்துவைத்தவை: கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர், காது குடையும் பஞ்சுக்குச்சிகள், முனை மழுங்கிய சிறு இடுக்கி, சிறு டார்ச், துவைத்த பழைய பருத்தி வேட்டித் துண்டு, தேங்காய் எண்ணெய் சில சொட்டு, கொஞ்சம் சோளமாவு, போவிடோன் அயோடின் திரவம். தண்ணீரின் சூடு குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டில் பார்த்தது. கையை சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். தொப்புள் திறந்திருக்கும் குஞ்சுக்கு நம் விரல் நகத்து அழுக்கே போதும்.

ஒவ்வொரு முறையும் முட்டை வெளியே இருந்தது 5 நிமிடத்துக்கு உள்ளாக. அதற்கு மேல் போனால் குளிர்ந்துவிடும்.

8.30 மணி. டார்ச்சை ஓட்டோடு ஒட்டிவைத்துப் பார்த்துக் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் கோடிட்டது. காற்றறை பெரிது, மூன்றில் ஒரு பங்கையும் தாண்டியது. துளையிலிருந்து தொடங்கி, கோட்டுக்கு மேலே இருந்த ஓட்டை மட்டும் நகநுனி அளவுச் சில்லுகளாக இடுக்கியால் எடுத்தது. காற்றறைக்கு மேல் குஞ்சு இல்லை, உள்ஜவ்வும் கீழே இறங்கியிருக்கும். அங்கே ஓட்டை எடுத்தால் இரத்தம் வராது. ஆகையால் எந்த உதவியும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், பக்கவாட்டில் தொடங்கவே கூடாது. திறந்த வாய் இப்போது ஒரு ஐந்து ரூபாய் நாணய அகலம். மூக்குத் துளைகளை மூடியிருந்த காய்ந்த ஜவ்வுத் துணுக்கை நனைத்து விலக்கியதும் மூச்சு சீரானது.

பிறகு பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, உள்ஜவ்வை ஒற்றியது. நனைந்தவுடன் அது கண்ணாடிபோல் தெளியும். அப்போது தெரிந்தது: வலப்பக்கம் நாளங்கள் வற்றிவிட்டன, இடப்பக்கம் இரண்டு மெல்லிய சிவப்புக் கோடுகள் இன்னும் ஓடுகின்றன. அலகும் மெல்லுவதுபோல அசைந்துகொண்டிருந்தது. மஞ்சள்கரு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருப்பதற்கு இதுவே அடையாளம். இங்கே நிறுத்தியாயிற்று. ஈரத்துணியை முட்டையைச் சுற்றி, அலகு இருக்கும் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டு, பெட்டிக்குள் வைத்தது. தண்ணீர்த் தட்டோடு நனைத்த பஞ்சுத் துண்டு ஒன்றும் கூடவே வைத்து ஈரப்பதத்தை ஏற்றியது.

அந்த இரண்டு சிவப்புக் கோடுகளைப் பொருட்படுத்தாமல் உரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 50 கிராம் குஞ்சின் உடலில் இருக்கும் இரத்தம் மிகச் சிறிதளவுதான். ஜவ்வில் ஓடுவதும் அதே இரத்தம்தான். ஒரு நாளம் கிழிந்து பத்துப் பதினைந்து சொட்டுப் போனாலே குஞ்சு வெளிறித் துவண்டுவிடும். “நல்லாத்தான் உரிச்சேன், வெளிய வந்து செத்துப்போச்சு” என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான்.

11.30 மணி. மறுபடி நனைத்துப் பார்த்ததில் ஒரு கோடு மறைந்திருந்தது, மற்றது நூலாக மெலிந்திருந்தது. வற்றிய வலப்பக்கத்து ஜவ்வை மட்டும் அலகின் அருகிலிருந்து பின்னோக்கி, ஒரு விரற்கடை அளவுக்கு உருட்டி விலக்கியது. இழுக்கவில்லை, நனைத்து, மென்மையானதும் பஞ்சுக்குச்சியால் உருட்டினால் தானே சுருளும். ஓரிடத்தில் ஒரு சொட்டு இரத்தம் கசிந்தது. சோளமாவு தொட்ட பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்தியதும் நின்றது. உடனே பெட்டிக்குள். ஒரு சொட்டுக் கண்டாலும் அந்த முறை வேலை முடிந்தது. அடுத்தது மூன்று மணி நேரம் கழித்துத்தான்.

விலக்கிய ஜவ்வின் விளிம்பில் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தொட்டு வைத்தது, மறுபடி காயாமலிருக்க. மூக்கின் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. ஓட்டின் வெளிப்புறத்தில் தடவவும் கூடாது; நுண்துளைகள் அடைபட்டு உள்ளே காற்று போகாது.

அதிகாலை 2.30. நாளங்கள் எதுவும் இல்லை. குஞ்சு மெல்லுவதை நிறுத்தித் தலையை உந்தத் தொடங்கியிருந்தது. இனி தாமதிக்க வேண்டியதில்லை. மேல்மூடியைக் கோட்டோடு வட்டமாக எடுத்து, தலையை மடக்கிவைத்திருந்த வலது சிறகின் அடியிலிருந்து விடுவித்தது. கழுத்து வெளியே வந்து தளர்ந்தது. கீழ்ப்பாதி ஓட்டைத் தொடவில்லை. அதற்கு இரண்டு காரணம். மஞ்சள்கருவின் கடைசி மிச்சமும் தொப்புள் கொடியும் அங்கேதான் இருக்கின்றன. காலை உந்தி ஓட்டைத் தள்ளுவது அந்தக் கால்களுக்கு முதல் வேலை. அதை நாம் பறிக்கக் கூடாது.

காலை 6.10-க்குக் குஞ்சு தானாகக் கால் உதறி வெளியே வந்தது. வெளித்துளை போட்டதிலிருந்து 36 மணி நேரம், பத்து நிமிடம்.

தொப்புளில் மிளகு அளவுக்கு ஒரு புடைப்பும் நூல்போல் ஒரு கொடியும் இருந்தன. அந்தக் கொடியை எவரும் இழுக்கவோ வெட்டவோ கூடாது. அது உள்ளே குடலோடு சேர்ந்தது. போவிடோன் அயோடினை வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டந்தேயிலை நிறத்துக்குக் கலந்து, பஞ்சுக்குச்சியால் தொப்புளில் ஒருமுறை ஒற்றியது. உதறி உதறித் தொப்புளைத் தரையில் தேய்க்காமலிருக்க, வாயகன்ற சிறு டம்ளரில் ஈரத்துணி மடித்து வைத்து, அதில் குஞ்சை உட்காரவைத்துப் பெட்டிக்குள்ளேயே விட்டது. மாலைக்குள் கொடி கறுத்துக் காய்ந்து தானே உதிர்ந்தது.

வெளியே வந்த பிறகு

எடை 49 கிராம். உடன்பிறந்தவை 54 முதல் 58. காலின் தோல் சுருங்கியிருந்தது, முதுகில் காய்ந்த ஜவ்வு திட்டாக ஒட்டி மயிரைப் பிடித்திருந்தது. வலது கால்விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. உலர்ந்து நிற்க முயன்றபோது இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்து சறுக்கின. நெடுநேரம் ஒரே மடிப்பில் இறுகிக் கிடந்த குஞ்சுக்கு இவையெல்லாம் எதிர்பார்க்கக் கூடியவையே.

முதுகுத் திட்டை ஊறவைத்து எடுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். சிறிது சிறிதாக, இரண்டு மூன்று தடவையில். முழுக்கக் குளிப்பாட்டினால் உடல் சூடு இறங்கிக் குஞ்சு போய்விடும்.

தண்ணீர் காட்டியது எட்டு மணி நேரத்துக்குப் பிறகு. 200 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் குளுக்கோஸ். இந்தப் பக்கத்து வீடுகளில் கருப்பட்டித் தண்ணீர் கொடுப்பது வழக்கம். அதே அளவுக்கு நீர்த்து, துணியில் வடித்து, முதல் நாள் மட்டும் கொடுத்தால் கெடுதலில்லை. திக்காகக் கரைத்துக் கொடுத்தால் கழிச்சல் வரும். கொடுக்கும் விதம்தான் முக்கியம்: அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு சொட்டை வைத்தால் குஞ்சு தானே உறிஞ்சி விழுங்கும். வாயைத் திறந்து ஊற்றினால் நாக்கின் வேருக்குப் பின்னாலேயே இருக்கும் மூச்சுத்துளைக்குள் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பத்துச் சொட்டுக்கு மேல் இல்லை.

குஞ்சு வீடாக ஒரு பெரிய கடகப்பெட்டி. வட்டமாக இருப்பதால் மூலையே கிடையாது. குளிரில் மூலையில் நெருக்கியடித்து மூச்சுமுட்டிச் சாவது அதில் நடக்காது. 60 வாட் பல்பு, குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 டிகிரி. அடியில் துவைத்த சாக்கு. செய்தித்தாள் போட்டிருந்தால் ஏற்கெனவே சறுக்கும் கால் இன்னும் விரிந்திருக்கும். உமி போட்டது நான்காம் நாள்தான். தீனி எது, உமி எது என்று தெரியாத குஞ்சு உமியைத் தின்று வயிற்றை அடைத்துக்கொள்ளும்.

காலும் விரலும்

கால் விரிவதற்கு அரை அங்குல மைக்ரோபோர் டேப். இரண்டு கணுக்காலையும் எட்டுப்போலச் சுற்றி, நடுவில் 3 செண்டிமீட்டர் இடைவெளி விட்டது. குஞ்சு இயல்பாக நின்றால் தோளகலத்துக்கு இருக்கும் இடைவெளி அது. நெருக்கிக் கட்டினால் விழுந்து எழ முடியாது. பிளாஸ்டிக் ஒட்டுநாடா, ரப்பர் பேண்ட் இரண்டும் ஆகாது, கால் வீங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடும். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்த்து, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி கட்டியது. நான்காம் நாள் காலை கட்டை எடுத்தபோது நேராக நின்றது.

விரலுக்குச் செருப்பு. கல்யாணப் பத்திரிகை அட்டையில் பாதம் அளவுக்கு ஒரு முக்கோணம் வெட்டி, விரல்களை விரித்து அதன் மேல் வைத்து, மேலே டேப்பை ஒட்டியது. 48 மணி நேரத்தில் விரல்கள் நிமிர்ந்தன. இதெல்லாம் முதல் இரண்டு நாளில் செய்தால்தான் பலன். எலும்பும் தசைநாரும் வேகமாக இறுகும், ஒரு வாரம் கழித்துச் செய்தால் காலம் கடந்த வேலை. முட்டைக்குள் நெருக்கியதால் மடங்கிய விரலும், தாய்க்கோழித் தீனியில் பி2 வைட்டமின் குறைந்து மடங்கிய விரலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒரே அடையில் பல குஞ்சுகளுக்கு அப்படி இருந்தால் தீனியைச் சந்தேகிக்கணும். இங்கே ஒன்றுக்குத்தான். இருந்தாலும் கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் திரவம், பாட்டிலில் போட்ட அளவுப்படி, ஐந்து நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தது.

தீனி காட்டுதல்

வயிற்றுக்குள் போன மஞ்சள்கரு குஞ்சை இரண்டு மூன்று நாள் தாங்கும். நாட்டுக்கோழிக் குஞ்சு அதற்குள் எதையாவது கொத்தப் பழகிவிடும். வான்கோழிக் குஞ்சு அப்படியில்லை. பார்வை மந்தம், துணிச்சல் குறைவு. தட்டு நிறையத் தீனி இருக்க, அதன் மேலேயே நின்று பட்டினியில் சாகும். பிரசவம் கஷ்டப்பட்ட இந்தக் குஞ்சுக்கு அந்த ஆபத்து இரட்டிப்பு.

இரண்டாம் நாள் எடை 47 கிராம். மூன்றாம் நாள் காலையிலும் 47. கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தால் வெறுமை. அன்றே ஊட்டத் தொடங்கியாயிற்று. அவித்த முட்டையை மசித்து, தண்ணீர் தெளித்து, விரல்நுனியில் பச்சரிசி அளவுக்கு எடுத்து அலகின் முன் காட்டுவது. கொத்தாவிட்டால் அலகோரத்தில் தடவுவது. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. 10 குஞ்சுக்கு ஒரு அவித்த முட்டை, குடிதண்ணீர் ஒரு லிட்டருக்கு 100 மில்லி பால், இரண்டும் 15 நாள் வரை என்பது தமிழ்நாட்டில் வான்கோழி வளர்ப்போருக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு. பால் கலந்த தண்ணீரை நம் வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, புளித்துவிடும்.

தட்டில் நிறம் வேண்டும். கண்ணாடிக் கோலிக்குண்டுகளைத் தண்ணீர்க் கிண்ணத்திலும் தீனித் தட்டிலும் போட்டால் அதன் மினுக்கத்தைக் கொத்த வந்து தீனியைக் கொத்தும். கோலி கிண்ணத்து ஆழத்தையும் குறைப்பதால் குஞ்சு மூழ்காது. பச்சை நிறம் வான்கோழிக்குப் பிடிக்கும். முருங்கைக்கீரையையும் வெங்காயத்தாளையும் பொடியாக அரிந்து மேலே தூவியது. தட்டை விரலால் தட்டிக்கொண்டே இருந்தால் தாய் கொத்துவதாக எண்ணி வரும்.

அடிப்படைத் தீனி என்னவென்பதில் நிறைய வீடுகள் தவறுகின்றன. வான்கோழிக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் வேண்டும். கடையில் கிடைக்கும் பிராய்லர் குஞ்சுத் தீனியில் 22, 23-க்கு மேல் இராது. வான்கோழித் தீனி கிடைக்காத இடத்தில் அந்தக் குறையை அவித்த முட்டையும் கீரையும்தான் ஓரளவு ஈடுகட்டும். அரிசிக் குருணையை மட்டும் போட்டு வளர்த்தால் மூன்றாம் வாரம் கால் வளைந்து நிற்கும்.

நான்காம் நாள் ஒரு மாற்றம். உடன்பிறந்தவற்றில் நன்றாகத் தின்னும் இரண்டை இதன் பெட்டியில் விட்டது. பார்த்துக் கொத்தப் பழகியது. அன்று மாலை 50 கிராம், தீனிப்பை நிறைந்து மெத்தென்றிருந்தது. ஐந்தாம் நாள் 57, ஏழாம் நாள் 76. உடன்பிறந்தவை அப்போது 95-ஐத் தாண்டியிருந்தன. வித்தியாசம் இருந்தது, ஆனால் இனி பயமில்லை என்று சொல்லலாம்.

தின்னப் பழக்க நாட்டுக்கோழிக் குஞ்சைச் சேர்த்துவிடுவது கிராமத்தில் உண்டு. ஒரே பெட்டியில் அதே நாளில் பொரித்ததாக இருந்தால் சரி. முற்றத்துக் கோழி மேய்ந்த மண்ணிலோ அதன் கூண்டிலோ வான்கோழிக் குஞ்சை விடுவது வேறு விஷயம். கோழியின் குடற்புழு முட்டைகளோடு கருந்தலை நோய்க்கிருமி மண்ணில் கிடக்கும். கோழி அதைத் தாங்கும். வான்கோழி மஞ்சள் நிறக் கழிச்சலும் ஈரல் புண்ணுமாகச் செத்துப்போகும். இந்தக் குஞ்சு தனி இடத்திலேயே வளர்ந்தது.

இந்த ஏழு நாளும் தினமும் பார்த்தது தொப்புளையும் ஆசனவாயையும். எச்சம் ஒட்டிக் காய்ந்து ஆசனவாய் அடைபட்டால் வெந்நீர்ப் பஞ்சால் ஊறவைத்து எடுக்கணும். இரண்டு தடவை அப்படி ஆனது. தொப்புள் சிவந்து வீங்கி, நாற்றமடித்து, குஞ்சு கண்ணை மூடிக்கொண்டே நின்றால் அது வீட்டில் பார்க்கும் வேலையில்லை. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டுபோக வேண்டும். கையிருப்பில் இருக்கிற ஆன்டிபயாடிக்கை உடைத்துக் கலந்து கொடுக்கக் கூடாது.

ஏன் இப்படி ஆனது

ஓட்டுக்குள் செத்த இரண்டு முட்டைகளையும் மறுநாள் உடைத்துப் பார்த்தது. பெரிய காற்றறை, தோல்போல் இறுகிய ஜவ்வு, உள்ளே துளி நீர்கூட இல்லை. மஞ்சள்கரு முழுக்க வயிற்றுக்குள் போய்விட்டது. குஞ்சுகள் முழுதாக முதிர்ந்து, கடைசி நேரத்தில், காய்ந்த ஜவ்வைக் கிழிக்க முடியாமல் செத்திருக்கின்றன. எடைக் கணக்கு சொன்னதையே இதுவும் சொன்னது.

ஆனால் ஈரப்பத மீட்டர் 25 நாளும் 55 சதவீதம் காட்டியதே? அதைச் சோதிக்க ஒரு பாட்டில் மூடியில் பொடித்த உப்பைச் சில சொட்டுத் தண்ணீரில் ஈரமணல் பதத்துக்குக் குழைத்து, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப்புகாத டப்பாவில் இரவு முழுக்க வைத்தது. ஈர உப்பு அடைத்த இடத்தில் 75 சதவீதத்தில் நிற்கும். மீட்டர் காட்டியது 86. அதாவது 11 கூடுதல். 55 என்று நம்பியது உண்மையில் 44. கடைசி மூன்று நாள் 70 என்று நம்பியது 59. கடைசியில் வேண்டியது 65 முதல் 75.

அதோடு பெட்டியைத் திறந்தது. 28-ஆம் நாள் காலை 5 முதல் மதியம் 2 வரை, ஒவ்வொரு குஞ்சு வரவர எடுக்கவும் பார்க்கவுமாக ஒன்பது தடவை. ஆனி மாதம் நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழையை மலைக்கு அந்தப்புறம் விட்டுவிட்டு வரும் காற்று; காற்றாலைகளைச் சுற்றுவதும் முகத்தை உலர்த்துவதும் அதே காற்றுதான். ஒரு தடவை மூடியைத் திறந்தால் உள்ளே இருந்த ஈரக்காற்று மொத்தமும் போய் அந்தக் காற்று நிறையும். துளை போட்டுக் காத்திருந்த முட்டைக்கு அது ஒன்பது அடி. பொரித்த குஞ்சை ஒரு நாள் முழுக்கப் பெட்டியிலேயே விட்டால் ஒன்றும் ஆகாது, அதற்குத்தான் வயிற்றில் மஞ்சள்கரு இருக்கிறது.

மேற்கே போனால்

இதே மாதம், இங்கிருந்து வடமேற்கே குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரல். அங்கே இதே பெட்டியை இதே தண்ணீர்த் தட்டோடு வைத்தால் எதிர்மாறாக நடக்கும். முட்டை போதிய தண்ணீரை இழக்காது. காற்றறை சிறிதாக நிற்கும். குஞ்சு நீர்கோத்து வீங்கி, ஓட்டைக் கொத்தியதும் கொழகொழவென்று நீர் வடியும். அந்தக் குஞ்சுக்கு ஜவ்வை நனைக்கவே கூடாது. மூக்கின் முன்னால் வழியும் நீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்து மூச்சுக்கு வழி செய்துவிட்டு, பெட்டியின் காற்றுத் துளைகளைத் திறந்துவிடுவதே உதவி. நாங்குநேரியில் உயிர் காத்த வெந்நீர்ப் பஞ்சு, சாரலடிக்கும் ஊரில் குஞ்சை மூழ்கடிக்கும். ஆக, முதலில் பார்க்க வேண்டியது முட்டையின் எடை.

கூர்முனையில் துளை போட்ட முட்டை இன்னொரு வகை. தலை கீழ்நோக்கிக் கிடக்கிறது, அங்கே காற்றறையே இல்லை, ஜவ்வெல்லாம் நாளம். அலகின் நுனி தெரியும் இடத்தில் மூச்சு விட ஊசித்துளை அளவு மட்டும் அகற்றிவிட்டு, இரத்தம் முழுக்க வற்றும்வரை காத்திருக்க வேண்டும். நாம் நினைப்பதைவிட நெடுநேரம். மஞ்சள்கருப் பை வயிற்றுக்கு வெளியே உடைந்து தொங்கும் குஞ்சு பிழைக்காது. அதை இழுத்தடிப்பது அதற்குச் செய்யும் உதவி ஆகாது.

இந்தக் குஞ்சு ஆறு வாரத்தில் மற்றவற்றின் எடையை எட்டியது. இனப்பெருக்கத்துக்கு வைக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். கோளாறு பெட்டியில், குஞ்சில் அல்ல, ஆகவே வைக்கலாம். விரல் கோணலோ தலைகீழ்க் கிடையோ ஒரே பெட்டையின் முட்டைகளில் திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அந்தப் பெட்டையின் முட்டைகளை அடைவைக்காமல் ஒதுக்க வேண்டும்.

அடுத்த அடைக்கு மீட்டரின் மேல் ‘11 கழி’ என்று பேனாவால் எழுதி ஒட்டியாயிற்று. தண்ணீர்த் தட்டை ஆழப்படுத்தவில்லை, அகலப்படுத்தியது. ஆவியாவது நீர்ப்பரப்பைப் பொறுத்தது. 7, 14, 21, 25-ஆம் நாட்களில் முட்டைகளை நிறுத்தார்கள். 14-ஆம் நாள் 6.5 சதவீதம் குறைந்திருந்தது, 25-ஆம் நாளுக்கு வேண்டிய 11 முதல் 13-க்கு ஏற்ற வேகம்.